அரைவாசியில் மாறிய நிறம்

மெதயில் செம்மஞ்சள் என்ற காட்டியைச் சோடாக் கரைசலில் விட்டால் மஞ்சளாக இருக்கும். அமிலம் போதுமான அளவு விழுந்ததும் செம்மஞ்சளாகும். அதற்கு மேல் ஒரு துளி கூடினால் சிவந்துவிடும். அந்தப் பின்நேரம் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நான் தனியாக நின்று அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். மேல் மாடியில் யாரோ கதிரைகளை இழுத்து அடுக்கும் சத்தம். யன்னலால் களப்புக் காற்று வந்து மேசையில் கிடந்த வடிதாளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மின்விசிறியை நிறுத்தியிருந்தேன். கழுத்தெல்லாம் வியர்வை.

அளவியின் பிடியை மெல்லத் திறந்தேன். அளவி என்பது புத்தகத்துக்கு. வாயில் அது பியூரெட்தான். அமிலம் மெல்லிய கோடாக இறங்கியது. கீழே குடுவையில் நான் நிறுத்துக் கரைத்த சோடியம் காபனேற்று இருபத்தைந்து மில்லிலீற்றர். இரண்டும் ஒரே வலிமை என்றால் அமிலமும் இருபத்தைந்துக்குக் கிட்டத்தான் முடியவேண்டும். நான் பதினைந்து வரைக்கும் வேகமாக விட்டுவிட்டு, பிறகு துளித்துளியாகப் போகலாம் என்று நினைத்திருந்தேன்.

பதினைந்து வரமுதலே குடுவை சிவந்துவிட்டது.

"சீ" என்று கொட்டிவிட்டுத் திரும்பவும் செய்தேன். இந்த முறை ஆரம்பத்திலேயே துளித்துளியாக. பன்னிரண்டரையில் நிறம் மாறியது. இன்னொரு முறையும் செய்தேன். அதே பன்னிரண்டரை. பிழை என் கையில் இல்லை.

நான் ஸ்டூலில் இருந்துவிட்டேன். அந்த அமிலம் இருக்கவேண்டிய வலிமையைவிட இரண்டு மடங்கு. அதைக் கலந்த கை யாருடையது என்றும் எனக்குத் தெரியும். அந்தக் கைக்கு நான் மருதோன்றி வைத்திருக்கிறேன்.

சிரிக்க ஒன்றும் இல்லை

போன கிழமை எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணிச் சட்டி கவிழ்ந்த கதையை இந்தப் பத்தியில் வாசித்துவிட்டுச் சிரித்ததாகப் பலபேர் சொன்னார்கள். சந்தோசம். இந்தக் கிழமை சிரிக்க ஒன்றும் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் பக்கத்து ஆட்கள் எப்படியும் கண்டுபிடிப்பார்கள். பிடிக்கட்டும்.

அந்தச் சோதனைக்கு இரண்டொரு நாள் முன்னால் என் நானா புத்தளத்தில் உள்ள என் வீட்டுக்கு ஒரு கான் நிறையக் குளத்துத் தண்ணீரோடு வந்தார். நானா என்றால் என் ஒரே மூத்த சகோதரர். ஹனீபா என்று வைத்துக்கொள்வோம். பள்ளிவாசல்துறையில் குடும்பம். களப்போரமாக உள்ள ஒரு இறால் பண்ணையை ஹாஜியார் ஒருவருக்காகப் பல வருடமாக நடத்திவந்தார். எந்தக் குளத்துக்கு எவ்வளவு தீன், எப்போது தண்ணீர் மாற்றுவது, எப்போது வலை போடுவது எல்லாம் அவர் சொல்தான்.

கானை வாசலில் வைத்துவிட்டு நிலத்திலேயே குந்திவிட்டார். சட்டையெல்லாம் சுண்ணாம்பு வாடை. விரல் நுனிகள் வெடித்திருந்தன.

"ரெண்டு குளமும் போச்சு தங்கச்சி" என்றார்.

"வெள்ளைப்புள்ளி நோயா?"

"இல்ல. வெள்ளைப்புள்ளி எண்டா எனக்குத் தெரியாதா? உடம்புல ஒரு புள்ளி இல்ல. விடிய சுபஹு தொழுதிட்டுப் போய்ப் பாக்குறன், எல்லாம் கரையில வந்து அடைஞ்சு கிடக்குது. மூச்செடுக்க ஏலாம ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறுது. காகம் வந்துட்டுது. நான் என்னத்தச் செய்ய? இந்தத் தண்ணிக்கு என்ன வந்தது எண்டு பாரும்மா."

நானா அழுகிற ஆள் இல்லை. அன்றும் அழவில்லை. கானின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார், அதைப் பார்க்கத்தான் எனக்கு ஏலவில்லை.

தண்ணீரின் தாங்குசக்தி

ஒரு சின்ன விளக்கம் வேண்டும். இரசாயனம் என்றதும் பக்கத்தைத் திருப்புகிற ஆட்கள் கொஞ்சம் பொறுங்கள், நான் பிரம்பை எடுக்கமாட்டேன்.

இறால் குளத்துத் தண்ணீருக்குக் காரத்தன்மை என்று ஒன்று இருக்கவேண்டும். அதுதான் தண்ணீரின் தாங்குசக்தி. அது எவ்வளவு என்று அறிய, தண்ணீரை அளந்தெடுத்து அதற்குள் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்பார்கள். நிறம் மாற எவ்வளவு அமிலம் போகிறதோ அதுதான் கணக்கு. அமிலம் நிறையக் குடித்தால் தண்ணீர் பலமாக இருக்கிறது. கொஞ்சத்தோடு நிறம் மாறினால் பலவீனம். அப்போது சுண்ணாம்பு போடவேண்டும்.

நானாவின் பண்ணையில் ஒரு சின்ன ஆய்வுகூடம், அவர்கள் வாயில் லெப், இருந்தது. அந்த லெப் ஒவ்வொரு முறையும் "குறைவு, குறைவு" என்றது. நானா சுண்ணாம்பு போட்டார். திரும்பவும் குறைவு. கொழும்பில் இருக்கும் ஆலோசகர் போனில், "நம்பர் குறைவெண்டா போடத்தானே வேணும்" என்றார். நானா இன்னும் போட்டார். இறால் தீனைத் தின்னாமல் விட்டபோதே அவருக்குப் பயம் வந்திருக்கிறது. ஆனால் நம்பர் குறைவு என்கிறதே, என்ன செய்வது? காரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் pH மீட்டரும் பழுதாகிக் கொழும்புக்குப் போயிருந்தது.

சுண்ணாம்பு மிஞ்சினால் தண்ணீரில் காரம் ஏறும். காரம் ஏறினால் இறாலின் கழிவில் இருந்து வரும் அமோனியா நஞ்சாகிவிடும். அதுதான் நடந்தது. கானில் இருந்த தண்ணீரை என்னிடமிருந்த அமிலத்தால் சோதித்தேன். பலவீனமாவது மண்ணாவது, தண்ணீருக்குத் தேவைக்கு மேலேயே பலம் இருந்தது. பண்ணை லெப் சொன்ன இலக்கம் அதில் சரிபாதி.

"உங்கட லெப்புல பாவிக்கிற அசிட்டுல கொஞ்சம் கொண்டுவாங்க நானா" என்றேன்.

"அதுக்கென்ன, ரிஸ்னாக்கிட்டக் கேட்டாத் தருவாள்" என்றார்.

கேட்டு, அடுத்த நாளே ஒரு வெற்றுச் சிரப் போத்தலில் கொண்டுவந்து தந்தார். அதைத்தான் நான் ஆய்வுகூடத்தில் அளவிக்குள் ஊற்றினேன்.

ரிஸ்னா

ரிஸ்னா நானாவின் மகள். ஒரே பெண்பிள்ளை. அந்த லெப்பில் வேலை செய்வது அவள்தான்.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள். மயிரிழையில் கெம்பஸ் அனுமதி தப்பிப்போனது. நான் அவளுக்குப் படிப்பிக்கவில்லை. சொந்தக்காரர் படிப்பித்தால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் காதில் ஏறாது, டியூசன் மாஸ்டர் அதையே சொன்னால் வேதவாக்கு. பெறுபேறு வந்த கிழமையே வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருவரின் பேச்சும் வந்துவிட்டது. மதினிக்கு, அதாவது நானாவின் மனைவிக்கு, அது போதும்.

"ஆம்புளையள் வேலை செய்யுற இடத்துல குமர்ப்புள்ளைய நிப்பாட்டப் போறீங்களா?" என்று மதினி கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. நானா அசையவில்லை. ஹாஜியாரிடம் தானே போய்க் கேட்டு, லெப் வேலையை வாங்கிக்கொடுத்து, தினமும் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போய் ஏற்றிவந்தார். ஊர் கதைத்தது. கதைக்கட்டும் என்றார்.

ஹாஜியார் இறால் குஞ்சு பொரிப்பகம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். வேலை நன்றாகச் செய்தால் ரிஸ்னாவைக் கொழும்புக்கு டிப்ளோமா படிக்க அனுப்பி, திரும்பி வந்ததும் அங்கே பொறுப்பாகப் போடுவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பிள்ளை வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்ற படத்தை நானா போனில் வைத்துக்கொண்டு மீன் சந்தையில் எல்லாருக்கும் காட்டித் திரிந்தார். அவளுக்குத் திறந்திருந்த ஒரே கதவு அதுதான்.

வாளிக் கணக்கு

சரி, பிழை எங்கே?

முன்பெல்லாம் அந்த லெப்புக்கு அளவாகக் கலந்த அமிலம் கொழும்பில் இருந்து சின்னக் கண்ணாடிக் குமிழில் அடைத்து வரும். உடைத்து ஊற்றினால் முடிந்தது. டொலர் இல்லாத காலம் வந்தது நினைவிருக்கும். பெற்றோலுக்கு நாம் வரிசையில் கிடந்த காலம். பள்ளிக்கூடத்துக்கு வடித்த நீர் இல்லாமல் நான் பற்றரிக் கடையில் போத்தல் போத்தலாக வாங்கினேன். அந்தக் குமிழ்களும் வருவது நின்றன. "கெட்டி அசிட் இரிக்குதானே, நீயே கலந்துகொள்" என்று ரிஸ்னாவிடம் சொல்லிவிட்டார்கள்.

சுவரில் ஒட்டியிருந்த பழைய குறிப்பில் இருந்தது: சல்பூரிக் அமிலம், 0.02 நார்மல்.

இந்தக் காலத்துப் பிள்ளைக்கு நார்மல் என்றால் என்ன தெரியும்? பாடத்திட்டத்தில் இருந்து அதை எப்போதோ தூக்கிவிட்டார்கள். எல்லாம் மூல் கணக்கு. நானும் வருடாவருடம் மூல் கணக்குத்தான் செய்விக்கிறேன். புத்தகத்தில் இருந்து எடுத்துவிட்டார்களே தவிர, நாட்டில் உள்ள பண்ணைகளிலும் தொழிற்சாலைகளிலும் ஒட்டியிருக்கும் குறிப்புகளை யார் மாற்றியது? ஒருவரும் இல்லை. பழைய குறிப்புக்கும் புதிய பிள்ளைக்கும் நடுவில் ஒரு பள்ளம். அதைப்பற்றிப் பேசினால் எனக்கு இரத்தக் கொதிப்புத்தான் ஏறும், விடுவோம்.

கணக்கு இதுதான். அமிலம் என்பது வாளி தூக்கும் ஆள் மாதிரி. ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு கையால் ஒரு வாளி தூக்கும். சல்பூரிக் அமிலம் இரண்டு கையாலும் இரண்டு வாளி தூக்கும். மூல் கணக்கு ஆட்களை எண்ணும். நார்மல் கணக்கு வாளிகளை எண்ணும். ஒரு மூல் சல்பூரிக் அமிலம் தொண்ணூற்றெட்டுக் கிராம். அதை இரண்டால் பிரித்தால் நாற்பத்தொன்பது. அதுதான் சமவலு நிறை. ஒரு லீற்றரில் நாற்பத்தொன்பது கிராம் இருந்தால் ஒரு நார்மல். தொண்ணூற்றெட்டு இருந்தால் இரண்டு நார்மல்.

ரிஸ்னா அந்த இரண்டால் பிரிக்கவில்லை. 0.02 என்று கண்டதும், படித்த மாதிரியே ஆட்களை எண்ணிக் கலந்துவிட்டாள். கையில் இருந்தது உண்மையில் 0.04 நார்மல். இரட்டிப்பு வலிமை என்பதால் அரைவாசி அமிலத்திலேயே நிறம் மாறியது. அரைவாசி என்பதால் தண்ணீர் பலவீனம் என்று இலக்கம் சொன்னது. அந்த இலக்கத்தைப் பார்த்து அவளுடைய வாப்பா சுண்ணாம்பைக் கொட்டினார்.

ஒரு இரண்டு. அவ்வளவுதான்.

"இத நீ யாருக்கும் சொல்லப்படா"

சோதித்த அன்று மாலை அசர் தொழுதுவிட்டு நானா என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். தொடவில்லை.

"நானா, உங்கட பிழை இல்ல" என்று நான்தான் தொடங்கினேன். எனக்கு அவ்வளவு அவசரம். அவர் முகத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை. "நம்பர்தான் பிழை. நீங்க நம்பரப் பாத்துச் சரியாத்தான் போட்டீங்க. அசிட் ரெண்டு மடங்கு கலந்திருக்கு."

வெளிச்சம் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று நெஞ்சில் கைவைத்தார். பிறகு கை அப்படியே நின்றது.

"அசிட்டக் கலக்குறது..."

"ஓம்."

"புள்ளையா?"

தலையாட்டினேன். முற்றத்தில் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. நானா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இத நீ யாருக்கும் சொல்லப்படா."

"விசர்க் கதை கதைக்காதீங்க நானா! நாளைக்கு ஹாஜியார் உங்கள நிப்பாட்டிக் கேக்கப் போறார். என்ன சொல்லுவீங்க?"

"அளவு தெரியாமக் கொட்டிப்போட்டன் எண்டு சொல்லுவன்."

"உங்கட பேர் என்னத்துக்காகும்? இந்தக் கரையில இனி ஒருத்தன் உங்களுக்கு வேலை தருவானா?"

"நான் கிழவன். எங்கயும் போய் வலை இழுப்பன். அவள் ஊட்டுக்கு வந்தாள் எண்டா அவளுக்கு அதோட முடிஞ்சுது. உன்ட மதினி அடுத்த கிழமையே நிக்காஹ் வைப்பா." தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அவளுக்கும் சொல்லப்படா. என்ட புள்ளைய எனக்குத் தெரியும். தெரிஞ்சா அவள் ஒரு நிமிசம் அந்த வேலையில நிக்கமாட்டாள். நேரே ஹாஜியார்ட்டப் போய்ச் சொல்லிப்போடுவாள்."

"அப்ப அடுத்த போத்தலையும் அப்பிடித்தானே கலப்பாள்? மத்தக் குளங்களும் சாகட்டுமா?"

"அத நீ டீச்சர், எப்பிடியாவது பாத்துக்கொள். வேற ஏதும் சாக்குச் சொல்லித் திருத்திவிடு. நடந்தத மட்டும் சொல்லாத. அல்லாஹ்ட மேல சொல்லு, சொல்லமாட்டன் எண்டு."

கையைப் பிடித்துக்கொண்டார். சுண்ணாம்பில் வெடித்த விரல்கள் உரசின. சொன்னேன். வாயால் சொல்லமாட்டேன் என்று சொன்னேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்காதீர்கள்.

ஆள் அப்படி

நானா எப்போதும் இப்படித்தான். தொண்ணூறில் மன்னாரில் இருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டுக் கிளப்பியபோது நான் சின்னப்பிள்ளை. படகில் கற்பிட்டிப் பக்கம் வந்து இறங்கி, கிடுகு வேய்ந்த முகாம் ஒன்றில் இருந்தோம். குடிதண்ணீருக்குப் பெரிய வரிசை. ஒருநாள் பக்கத்துக் கொட்டிலின் தண்ணீர்க் குடத்தை நான் விளையாட்டுத்தனமாகத் தட்டிக் கவிழ்த்துவிட்டேன்.

அந்தக் கொட்டில்காரர் கத்திக்கொண்டு வந்தார். நானா, அப்போது மீசை அரும்பாத வயது, முன்னால் போய் "நான்தான்" என்றார். விழுந்த அறையில் காது இரைந்துகொண்டே இருக்கிறது என்று பல நாள் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை ஏசவில்லை. நானும் அப்போது அதைப் பெரிய விசயமாக நினைக்கவில்லை. நானா என்றால் அதற்குத்தானே என்றுதான் நினைத்தேன்.

இன்று நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. மற்றவர்களின் அடியை வாங்குவதற்கென்று ஒருவரை யார் செய்து வைத்தது?

ஹாஜியாரின் முற்றம்

அடுத்த நாள் காலை நானும் அவரோடு த்ரீவீலரில் போனேன். வேண்டாம் என்றார். "ரிஸ்னாவைப் பாக்க வாறன்" என்று சொல்லி ஏறிவிட்டேன். ஆனால் இறங்கவில்லை. பண்ணை வாசலில் வண்டிக்குள்ளேயே இருந்தேன்.

காற்றூட்டும் சக்கரங்கள் மற்றக் குளங்களில் தண்ணீரை அடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தன. செத்த இரண்டு குளங்களிலும் சத்தம் இல்லை. நாற்றம் மட்டும் முக்காட்டையும் தாண்டி வந்தது. ஹாஜியார் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். வேலைக்காரர்கள் சுற்றி நின்றார்கள். நானா நடுவில், சாரத்தைச் சரிசெய்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஹாஜியார் கத்தியது கேட்டது.

"லெப்புல அந்தச் சின்னப் புள்ள கூட ஒழுங்கா நம்பர் எடுத்துத் தருது. உனக்குக் கண் எங்க போச்சு? தாடி நரைச்சதுதான் மிச்சம். வெளியால போடா!"

ஏறக்குறைய ஒரே வயது இரண்டு பேருக்கும். ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸஃப் வரிசையில் நின்று தொழுகிறவர்கள். "போடா" என்றார். நானா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்துவந்தார். முற்றத்தின் ஓரமாக இருந்த லெப்பின் கதவு சாத்தியிருந்தது. பாவம் பிள்ளை, உள்ளே அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

வண்டியில் ஏறியதும் நானா, "பாத்தியா, அவளப் பத்தி நல்லாத்தான் சொன்னார்" என்றார். மெய்யாகவே அவருக்கு அதில் ஒரு திருப்தி. எனக்கு அழுவதா அவரைப் பிடித்து உலுப்புவதா என்று தெரியவில்லை.

தீவில் வலை

கதை நானாவுக்கு முன்னால் ஓடிவிட்டது. முந்தல் வரைக்கும் எந்தப் பண்ணையிலும் "சுண்ணாம்பு ஹனீபா" என்றால் தெரிந்தது. ஒருவரும் வேலைக்கு எடுக்கவில்லை. மதினியும் விடவில்லை. "கண்ண மூடிக்கொண்டா கொட்டினீங்க?" என்று சோற்றுக் கோப்பையை வைக்கும்போதெல்லாம் கேட்டார். நானா சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போவார்.

கடைசியில் உச்சமுனைத் தீவில் கரைவலைக்காரர் தங்கும் ஒரு வாடிக்குப் போய்ச் சேர்ந்தார். நாரி நோவுக்கு இடுப்பில் பட்டி கட்டாமல் குனிய ஏலாத மனிதர், பையன்களோடு வரிசையில் நின்று கயிறு இழுக்கிறார். போன் எடுத்தால் காற்றுச் சத்தம்தான் பாதி. "சுகமா நானா?" என்றால் "எனக்கென்ன" என்பார். உடனே, "புள்ள எப்பிடி? வேலைக்குப் போறாளா? ஆர் கொண்டுபோய் விடுறது?" அதைத் தவிர அவருக்கு வேறு கேள்வி இல்லை.

ரிஸ்னா பஸ்ஸில் போய்வந்தாள்.

எனக்கோ ஒரு வேலை பாக்கி. அந்தப் பிள்ளையை நோகாமல் திருத்தவேண்டும். ஒரு சாக்குச் செய்தேன். போனில், "பள்ளிக்கூடத்துல அசிட் முடிஞ்சுது மகள், உங்கட லெப்புல கலந்தது இருந்தாக் கொஞ்சம் அனுப்பு" என்றேன். அதைச் சோதித்து, "இது சரியா வரல்லையே, எப்பிடிக் கணக்குப் போட்டாய்?" என்று சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டு, மெல்ல இரண்டால் பிரிக்கும் இடத்துக்குக் கொண்டுவரலாம் என்பது என் திட்டம்.

"அதுக்கென்ன மாமி" என்றாள். அடுத்த நாளே அனுப்பியும் விட்டாள்.

இருபத்தைந்து

அதே ஆய்வுகூடம், அதே அளவி. பத்துக்கு மேல் வந்ததும் கையைக் கட்டுப்படுத்தித் துளித்துளியாக விட்டேன். பன்னிரண்டரை வந்தது. குடுவை மஞ்சளாகவே இருந்தது. பதினைந்து தாண்டியது. மஞ்சள். இருபது தாண்டியது. இருபத்தைந்துக்குக் கிட்ட வந்து, ஒரு துளியில் செம்மஞ்சளாகி நின்றது.

திரும்பவும் செய்தேன். அதேதான். துல்லியமான 0.02 நார்மல். என் மாணவிகளில் ஒருத்திகூட இவ்வளவு சுத்தமாகக் கலந்ததில்லை.

அப்பாடா, இனி இறால் சாகாது என்று முதலில் நினைத்தேன். ஒரு மூச்சு விட்டிருப்பேன், அவ்வளவுதான். பிறகுதான் யோசித்தேன். கொழும்பில் இருந்து குமிழ் இன்னும் வருவதில்லை. அந்த லெப்பில் வேறு ஆளும் இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை, நானாவும் சொல்லவில்லை. அப்படி என்றால் இதை இரண்டால் பிரித்தது யார்?

அளவியைக் கழுவாமலே பள்ளிவாசல்துறைக்குப் பஸ் எடுத்தேன்.

மதினி ஒரு மௌத்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தார். ரிஸ்னா தனியாக மேசையில் தன் வெள்ளைக் கோட்டை விரித்து அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சலாம் சொன்னாள். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

"உன்ட அசிட் சரியா இரிக்குது" என்றேன்.

"தெரியும் மாமி."

"எப்ப இருந்து?"

கோட்டின் கையைப் பிடித்து மடித்தாள், திரும்ப விரித்தாள்.

"வாப்பா வந்து, மாமி கேட்டா எண்டு கொஞ்சம் அசிட் கேட்டார் பாருங்க, அப்பவே நெஞ்சு திக் எண்டுது. நீங்க எதுக்குக் கேக்கணும்? அண்டைக்கு முழுக்க பழைய புத்தகம், போன் எல்லாம் தேடிப் பாத்தன். ரெண்டால பிரிக்கணும் எண்டு கண்டன்."

"ஹாஜியார் வாப்பாவ முற்றத்துல வச்சு ஏசின நேரம் நீ எங்க நிண்டாய்?"

"உள்ளுக்குத்தான். பழைய அசிட்ட ஊத்திப்போட்டுப் புதுசு கலந்துகொண்டு நிண்டன்." குரல் உடைந்தது. "கதவுக்குக் கிட்டப் போனன் மாமி. பிடியில கை வச்சன். திறக்க ஏலல்ல. திறந்தா எல்லாம் முடிஞ்சிரும் எண்டு பயம் வந்துட்டுது."

அடிக்கவேண்டும் போல இருந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன், கை எழுந்தது. அவள் விலகவில்லை, அடியுங்கள் என்கிற மாதிரி நின்றாள். என்னால் முடியவில்லை. எழுந்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் அந்த அயர்ன் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன்.

அவள் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மாமி, வாப்பா இன்னும் தன்ட கையாலதான் எல்லாம் செத்துச்சு எண்டா நம்பிக்கொண்டிரிக்கார்?"

அல்லாஹ்வின் மேல் நானாவுக்குச் சொன்ன வார்த்தையை நினைத்தேன்.

"ஓம்" என்றேன்.

அவள் மெல்ல மூச்சை விட்டாள்.

"அப்பச் சரி மாமி. தெரிஞ்சா என்ட மொகத்துல முழிக்கமாட்டார்."